ஊசி இல்லாத ஊரும் நாமக்கல் சீட்டும்

ஜனவரி 18, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. தை பிறந்த பிறகு இப்படிப் பெய்து நான் பார்த்ததில்லை. அறுத்த நெல் களத்தில். நானும் அம்மாவும்தான் தார்ப்பாயை இழுத்து மூடினோம். கிழக்கு ஓரம் நனைந்துவிட்டது. முளை விட்டுவிடும் என்று அம்மா புலம்பல்.

அப்பாவும் அருளும் வீட்டில் இல்லை. சங்க வேலை. க.குறிச்சியில் ஆர்ப்பாட்டம் வருகிறது, நம் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு. ஊர் ஊராகப் போய் ஆள் சேர்க்கிறார்கள் அப்பாவும் அண்ணனும். நெல் நனைந்தால் நனையட்டும்.

எனக்கு சீட் வந்திருக்கிறது. நாமக்கல். கால்நடை மருத்துவம். பிப்ரவரி பத்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். மாட்டுப் பொங்கலன்று சொன்னேன். அப்பா செவலையின் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"அவ்ளோ தூரத்துல ஆஸ்டல்ல உட்டுட்டு எவன் தூங்கறது? இங்கயே எதனா காலேஜில சேத்து உடறேன். அதுவும் தியாகதுருகத்துக்காரங்க இன்னா சொல்றாங்கன்னு பாத்துட்டு."

தியாகதுருகத்துக்காரர்கள் என்றால் மாப்பிள்ளை வீடு. எனக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

இந்த சீட்டே இருக்கிற ஒதுக்கீட்டில் கிடைத்ததுதான். அது போதவில்லை, நம் பிள்ளைகளுக்கு இன்னும் வேண்டும் என்று கேட்கப் போயிருக்கிறார். கேட்பது தப்பென்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருவில் பன்னிரண்டாவது தாண்டிய பெண்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். கேட்கட்டும். கிடைத்ததை என்ன செய்தார்?

ஜனவரி 19, செவ்வாய்

தூறல். துணி காயவில்லை.

குமுதா கொடுத்த புத்தகத்தைப் பிரித்தேன். கு. வெள்ளிமலைக்காரி, மலைவாழ் பழங்குடி. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டு வருஷமும் எனக்குப் பக்கத்து இடம். இப்போது க.குறிச்சியில் பி.எஸ்சி., கொரோனாவால் பாதி நாள் ஆன்லைன். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது கையில் திணித்தாள். வெளியூரிலிருந்து யாரோ மலைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பெட்டியில் இருந்ததாம். இங்கிலீஷ். "படி, உனக்குக் கோவம் வரும், எனக்கு வந்திச்சி" என்றாள்.

தூங்கும் ராஜகுமாரி கதைதான். ஊசி குத்தி நூறு வருஷம் தூங்குவாளே, அவள். ஆனால் இது பின்னால் வரப்போகிற காலத்தில் நடக்கிறது. வெயில் தாங்காத பூமி. கண்ணாடிக் கூரைக்குள் ஒரு ஊர். ராஜா இல்லை, தலைவர். சூனியக்காரிக்குப் பதில் ஒரு எந்திரம். குழந்தை பிறந்ததும் கணித்துச் சொல்கிறது: பதினாறு வயதில் ஒரு ஊசிமுனையால் இவளை இழப்பீர்கள். உடனே தலைவர் ஊரிலுள்ள ஊசியெல்லாம் உருக்கச் சொல்கிறார். தையல் ஊசி, ஆஸ்பத்திரி ஊசி, எல்லாம்.

பெண் பெயர் வேரா. அகராதியை வைத்துக்கொண்டு படிக்கிறேன். மெதுவாகத்தான் நகர்கிறது.

அம்மா எட்டிப் பார்த்து, "இன்னா, இன்னும் பரிச்ச கீதா?" என்றாள். கதைப் புத்தகம் என்றேன். "அப்பா வர்றதுக்குள்ள மாட்டுக்குத் தண்ணி காட்டிடு."

ஜனவரி 21, வியாழன்

வெயில். நெல்லைப் பிரித்துக் காயவைத்தோம்.

செவலைக்கு மடி வீங்கிக் கல்லாகிவிட்டது. காம்பைத் தொட்டால் உதைக்கிறாள். பால் திரிதிரியாக வருகிறது. மடிநோய், ஊசி போட வேண்டும் என்று நேற்றே சொன்னேன். வெந்நீர் ஒத்தடம் போதும் என்றார் அப்பா. இன்று காலை செவலை படுத்துவிட்டாள். அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போன்.

வந்தது ஒரு டாக்டரம்மா. முப்பது வயது இருக்கும். ஸ்கூட்டியில், தனியாக. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாணியில் உட்கார்ந்துவிட்டார். அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நாற்காலி. மோர். "டாக்டரம்மா, டாக்டரம்மா" என்று ஐந்து நிமிஷத்தில் எத்தனை முறையோ.

"எந்த ஊருங்க உங்களுக்கு?"

"நாகர்கோவில் பக்கம்."

"யப்பா. அவ்ளோ தூரத்துலருந்தா? நல்லாப் படிக்க வெச்சிருக்காங்க உங்க வூட்ல. கொடுத்து வெச்சவங்க."

நான் செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்தேன். அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நடிக்கவும் இல்லை. உண்மையாகவே ஒன்றும் உறைக்கவில்லை.

டாக்டரம்மா போனதும் கேட்டேன். "அவங்க அப்பா தூங்கலியாப்பா?"

"அது வேற" என்றார். "அவங்கல்லாம் டவுனு."

வாசலுக்கு வந்துவிட்டேன். அங்கேயே நின்றிருந்தால் யாரையாவது அடித்திருப்பேன்.

புத்தகத்தில்: ஊசி இல்லாததால் தடுப்பு மருந்தும் இல்லை. கண்ணாடி ஊரின் அடித்தளத்தில் குழந்தைகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். மேல்தளத்தில் வேரா பாட்டுக் கற்கிறாள். ஆடு மாடு என்ன ஆயிற்றென்று அந்தப் புத்தகக்காரி எழுதவே இல்லை.

ஜனவரி 24, ஞாயிறு

பனி. காலையில் வேலி வரைகூடத் தெரியவில்லை.

சங்கச் செயலாளர் வந்தார். அப்பாவுக்குப் பங்காளி முறை, எனக்குப் பெரியப்பா. வெள்ளை வேட்டி. காபி வேண்டாம், டீ.

வியாழக்கிழமை ஆர்ப்பாட்டத்தில் பெண்கள் முன்வரிசையில் நிற்க வேண்டுமாம். பேப்பரில் போட்டோ வருமாம். "நம்ம வளருக்கு எழுத்து மணிமணியா இருக்குமே, அதுவே தட்டியெல்லாம் எழுதட்டும்" என்று என்னைக் கைகாட்டினார். அருள் அட்டையும் பெயின்ட்டும் கொண்டுவந்து போட்டான்.

எழுதினேன்.

கல்வியில் இடம் கொடு.
எங்கள் பிள்ளைகள் படிக்க வேண்டும்.
படிக்கும் உரிமையைப் பறிக்காதே.

மூன்றாவதை எழுதும்போது அருளைப் பார்த்து, "இதத் தூக்கி யாருக்குக் காட்டணும்? கலெக்டருக்கா, அப்பாவுக்கா?" என்றேன்.

"வாய மூடு. பெரியப்பா கீறாரு."

பெரியப்பா காதில் விழுந்ததா தெரியவில்லை. அப்பாவிடம் தியாகதுருகம் மாப்பிள்ளையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். "நல்ல எடம். உட்றாத."

இடம் இடம் என்று காலையிலிருந்து அந்த ஒரு வார்த்தைதான் வீட்டில்.

வேரா கீழ்த்தளத்துக்குப் போய்விட்டாள். யாரும் தூண்டவில்லை, அவளாகவே. அங்கே நாடு கடத்தலுக்குத் தப்பிய ஒரு நர்ஸ் ஒளிந்துகொண்டு ஒரே ஒரு ஊசியை வைத்துப் பிள்ளைகளுக்குத் தடுப்பு மருந்து போடுகிறாள். எனக்கும் போடு என்று வேரா கை நீட்டுகிறாள். இந்த இடம் பிடித்தது. இரண்டு தரம் படித்தேன்.

அடுத்த அத்தியாயம்: தலைவர் பதறிப்போய் மகளைக் குளிர்பெட்டிக்குள் படுக்கவைத்துத் தூங்கப் பண்ணுகிறார். நூறு வருஷத்துக்கு. ஊசியால் அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அவளைத் தூங்க வைத்தது அப்பன்தான். அவள் விழிக்கும்போது தனியாக இருக்கக் கூடாதென்று மாளிகையிலுள்ள சமையல்காரன், பெருக்குகிறவள், காவல்காரன் எல்லோரையும் சேர்த்துத் தூங்க வைத்துவிட்டு, தானும் படுத்துக்கொள்கிறார். அவர்களுக்கு வெளியே வீடு இருந்திருக்கும். பிள்ளைகள் இருந்திருக்கும். ஒருத்தரையும் கேட்கவில்லை.

ஜனவரி 25, திங்கள்

வெள்ளிமலைக்குப் போய் வந்தேன்.

இரவு புத்தகத்தை முடித்துவிட்டேன். திருட வந்த ஒரு பையன் பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கப்போய், வேரா விழித்துவிடுகிறாள். அதுவரை சரி. அப்புறம் அப்பனும் விழிக்கிறான். அவள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுகிறாள். "எல்லாம் என்மேல் உள்ள அன்பால்தானே செய்தீர்கள்" என்கிறாள். முடிந்தது. அந்த நர்ஸ் என்ன ஆனாள்? ஒரு வரி: அவளைப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன். அட்டை கிழிந்தது. கு.வின் புத்தகம். அதற்குள் வெட்கமாகிவிட்டது. கஞ்சிப் பசை வைத்து ஒட்டினேன்.

காலையில் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். "சாயந்தரத்துக்குள்ள வந்துடு, அப்பாவுக்கு நான் எதனா சொல்லிக்கறேன்" என்றாள். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியதும் குளிர். ஒவ்வொரு வளைவிலும் முன் சீட்டுக் கிழவர் வாந்தி.

கு. வீட்டில் இல்லை. அவள் அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். "பாறைக்கிப் போயிருக்கு, க்ளாசு" என்றார். பாறை மேல் ஏறினால்தான் டவர் கிடைக்கும். போனேன். பனி விலகாத பாறையில் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

வகுப்பு முடியும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் புத்தகத்தை நீட்டினேன். கிழிந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

"ஒங்கண்ணன் ஒண்ணும் சொல்லலியா?"

"எதப் பத்தி?"

"போன வாரம் கச்சிராயபாளையம் ஸ்டாப்புல நின்னுக்கினு இருந்தன். ஆளுங்களோட வந்து நோட்டீஸ் குடுத்துக்கினு இருந்திச்சி. என்னப் பாத்து, இதுங்களுக்கெல்லாம் சும்மாவே சீட்டு, நாமதான் ரோட்ல நிக்கணும்னு சொல்லிச்சி. எல்லாரும் சிரிச்சாங்க."

போனைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

"சும்மாவா வளரு? இங்க வந்து ஒரு நாள் உக்காரச் சொல்லு. மழ வந்தா க்ளாஸ் கெடையாது. பஸ் நின்னா காலேஜ் கெடையாது. எங்க ஊருல நான்தான் ரெண்டாவது. மொதல்ல போன அக்கா பாதில நின்னுடுச்சி."

"நான் கேக்கறேன் அவன."

"நீ இன்னாத்துக்குக் கேக்கற? எனுக்காகக் கேக்காத. கேட்டா, நான் போயி அழுதன்னு நெனைக்கும்."

அப்புறம் சீட்டைப் பற்றிச் சொன்னேன். நாமக்கல், பத்தாம் தேதி, தியாகதுருகம், எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தாள். கோபம் குறைந்தது போலத் தெரிந்தது. இல்லை, இன்னும் கூடிவிட்டது.

"எனக்கு மட்டும் அந்த சீட்டு வந்திருந்தா எங்கப்பா மாட்ட வித்துட்டு நடந்தே இட்டுக்கினு போயிருப்பாரு. நீ இன்னா, கத படிச்சிக்கினு உக்காந்திருக்க?"

கடைசி பஸ் வரை என்னோடு நின்றாள். கிளம்பும்போது கையைத் தொடவில்லை. சரிதான்.

ஜனவரி 26, செவ்வாய்

அருளிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை. கு. வேண்டாம் என்றும் கேட்டேன். அவளுக்காக இல்லை, எனக்காக.

"வெளாட்டுக்கு சொன்னன். அதுக்கு இன்னா இப்ப?"

"அவ சிரிச்சாளா?"

பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

செவலை எழுந்துவிட்டாள். வீக்கம் இன்னும் இருக்கிறது.

ஜனவரி 28, வியாழன்

வெயில். தலைவலி. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மினி வேனில் போனோம். பின்னால் பெண்கள், முன்னால் டிரைவர் பக்கத்தில் அப்பா. கரும்பு வெட்டுக்குப் போகிறவர்கள்தான் பாதிப் பேர். இன்றைக்கு வேலை போனது போனதுதான். எங்கள் தெரு பாக்கியம் அக்கா என் பக்கத்தில். மாஸ்க்கை மோவாயில் மாட்டியிருந்தார்.

கலெக்டர் ஆபீஸ் ரோட்டில் சாமியானா. போலீஸ். முன்வரிசையில் நான் எழுதிய தட்டிகள். எனக்குக் கிடைத்தது, எங்கள் பிள்ளைகள் படிக்க வேண்டும்.

பேசினார்கள், பேசினார்கள். ஒருத்தர் மாற்றி ஒருத்தர் ஆண்கள். பிறகு பெரியப்பா மைக்கை வாங்கி, "நம்ம ஊருப் பொண்ணு, பன்னெண்டாவதுல பள்ளிக்கூடத்துலயே மொத மார்க்கு, ரெண்டு வார்த்த பேசும்" என்று என்னைக் கூப்பிட்டார். முன்கூட்டிச் சொல்லவில்லை. அப்பா ஸ்பீக்கர் பெட்டி பக்கத்தில் நின்று போ போ என்று சைகை காட்டினார். பெருமை முகத்தில்.

போனேன். என்ன பேசினேன் என்று அப்படியே எழுதுகிறேன், மறந்துவிடக் கூடாது.

"எல்லாருக்கும் வணக்கம். நமக்குப் படிக்க எடம் வேணும்."

கைதட்டல். அது அடங்குவதற்குள் சொன்னேன்.

"எனக்கு எடம் கெடச்சிடுச்சி. மாட்டு டாக்டருக்கு. நாமக்கல்ல. வர்ற பத்தாம் தேதி கடைசி நாளு. எங்க வூட்ல அனுப்ப மாட்டேன்றாங்க. கவுருமெண்ட கேக்கறதுக்கு முன்னாடி எங்கப்பாவ கேளுங்க. அவரு அந்தப் பொட்டி பக்கத்துலதான் நிக்கறாரு."

திரும்பவும் கைதட்டல். விசில். யாரோ கோஷம் எடுத்தார்கள், கூட்டம் மொத்தமும் திருப்பிச் சொன்னது. யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இல்லை, காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. பொண்ணு பேசினால் தட்ட வேண்டும், தட்டினார்கள். பெரியப்பா சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கி, "பாத்தீங்களா, எப்பிடி வீரமா பேசுது" என்றார்.

என் ஆயுசில் இவ்வளவு கோபம் வந்ததில்லை. தட்டியை அங்கேயே போட்டுவிட்டேன்.

அப்பாவுக்குக் கேட்டிருந்தது. முகம் செத்துவிட்டது. முன்வரிசைப் பெண்களுக்கும் கேட்டிருந்தது. அது திரும்பும்போதுதான் தெரிந்தது.

வேன் கிளம்பியதும் பாக்கியம் அக்கா ஆரம்பித்தார். முன்சீட்டுக்குக் கேட்கிற மாதிரி.

"ஏன் மாமா, பொண்ணு சொன்னது நெசமா?"

அப்பா திரும்பவில்லை.

"எம் பொண்ணு பத்தாவதோட நின்னுச்சி. என்னோட கரும்பு வெட்ட வருது. கையப் பாத்தா கெழவி கையாட்டம் கீது. இவுரு என்னான்னா வந்தத வாணாம்ன்றாரு."

"வெயில்ல நம்மள இன்னாத்துக்கு இட்டாந்தாங்க அப்ப?" இது பின்னாலிருந்து ஒரு குரல்.

"போட்டோ புடிக்க."

சிரிப்பு. நல்ல சிரிப்பு இல்லை.

"நாளைக்கு வேன் வந்தா நான் ஏற மாட்டன் மாமா. அந்தப் பொண்ண அனுப்பு. அப்பறம் வந்து எங்களக் கூப்புடு."

ஊர் வரும்வரை விடவில்லை. அப்பாவின் கழுத்துப் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. வேர்த்திருந்தது. பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

ஜனவரி 29, வெள்ளி

அப்பா பேசவில்லை. சாப்பிடவும் இல்லை. அருள்தான் கத்தினான். குடும்ப மானம், சங்கத்தில் எப்படித் தலைகாட்டுவது, இத்யாதி. அம்மா உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 31, ஞாயிறு

தியாகதுருகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். மைக் பிடித்துப் பெற்ற அப்பனையே பேசுகிற பெண் தங்களுக்கு ஒத்துவராதாம். ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள்.

அப்பா தாழ்வாரத்தில் உட்கார்ந்துவிட்டார். "இப்ப சந்தோசமா?" என்றார் என்னைப் பார்த்து. இத்தனை நாளில் முதல் பேச்சு.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா வந்து நின்றாள். கையில் ஈரம். புடவையில் துடைத்துக்கொண்டே சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"நான் இட்டுக்கினு போறன் அவள. எட்டாந்தேதி."

"ஒனக்கு நாமக்கல் எங்க கீதுன்னு தெரியுமா?"

"கேட்டுக்கினு போறன். வாய் கீது."

"நான் வேணாம்னு சொல்றன்."

"சொல்லு. கல்யாணம் ஆயி இந்த வூட்டுக்கு வந்த நாள்லருந்து நீ சொன்னதத்தான் கேட்டன். இது ஒண்ணு கேக்கல. அதுக்கு இன்னா பண்ணுவ, பண்ணு."

அப்பா எழுந்து களத்துக்குப் போய்விட்டார். அம்மா உள்ளே போனாள். அடுப்பு முன்னால் நின்று அழுதாள். நான் போய்த் தொட்டதும் தட்டிவிட்டாள். "போ. துணிய எடுத்து வை. சும்மா நிக்காத."

அம்மா மேலும் கொஞ்சம் கோபம். இத்தனை வருஷம் வாய் எங்கே இருந்தது? கேட்கவில்லை. கேட்க மாட்டேன்.

பிப்ரவரி 8, திங்கள்

நாமக்கல். சேர்ந்தாகிவிட்டது. உடம்பெல்லாம் பஸ் குலுக்கல். இங்கே வெயில் அதிகம்.

காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு அப்பா வந்தார். கூப்பிடவில்லை, அவராகவே. வெள்ளைச் சட்டை. பின்னாலேயே பெரியப்பா. பெரியப்பா என் கழுத்தில் ஒரு துண்டைப் போட்டு, "நம்ம போராட்டத்துக்குக் கெடச்ச வெற்றி" என்று டீக்கடையில் நின்றவர்களிடம் சொன்னார். அப்பா பக்கத்தில் நின்று தலையாட்டினார். "எம் பொண்ணு டாக்டருக்குப் படிக்கப் போவுது" என்றார். "நான்தான், சரி, போவட்டும்னுட்டன்."

அந்தத் துண்டை எடுத்து அப்பா கையில் கொடுத்தேன். வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். பஸ் கிளம்பும்வரை ஜன்னல் பக்கத்திலேயே நின்றார். அம்மாவிடம் மட்டும் ஏதோ கேட்டார், தண்ணி பாட்டில் எடுத்தாயா என்று.

அருள் வரவில்லை. தன் பழைய போனை அம்மா பையில் வைத்து அனுப்பியிருந்தான். சார்ஜரும். அதிலிருந்து கு.வுக்கு மெசேஜ் போட்டேன், சேர்ந்துவிட்டேன் என்று. இரண்டு நீல டிக். பதில் இல்லை. பாறையிலிருந்து இறங்கியிருப்பாள். அல்லது இன்னும் கோபம். அவள் கோபத்தைச் சீக்கிரம் விடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

வாங்க வேண்டியது: ரப்பர் பூட்ஸ். வெள்ளைக் கோட். பூட்டு. பக்கெட்.

அறையில் கூட இருப்பவள் திண்டுக்கல். மாட்டைக் கிட்டப் போய்ப் பார்த்ததே இல்லையாம், பயமாம். சொல்லிக்கொடு என்கிறாள்.

அம்மா சாயங்கால பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தாள், வழி தெரிந்தவள் போல.

போன் அடிக்கிறது. அப்பா. இது மூன்றாவது தடவை. சாப்பிட்டாயா என்று கேட்பார், வேறென்ன. எடுத்தால் சாப்பிட்டேன் என்று சொல்லிவிடுவேன், அதோடு எல்லாம் சரியாகிப்போனதாக அவர் நினைத்துக்கொள்வார். ஒரு நாள் எடுப்பேன்.

இன்றைக்கு எடுக்கவில்லை.